இருபது நிமிட இருக்கை

ஆகஸ்ட் 5, திங்கள்

பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் போகக் கூடாது. வாசலில் நிற்கும் காவலாளி இதை என்னிடம் மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை "பெரியவரே" என்று சேர்த்துக்கொண்டான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. தலை நரைத்தது இவனைப் போன்றவர்களால்தான்.

வேணி உள்ளே இருக்கிறாள். சனிக்கிழமை பகல் ஸ்டூலில் இருந்து விழுந்தாள். பின்மண்டையில் அடி, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. இன்னும் கண் திறக்கவில்லை. பொறுத்திருந்து பார்ப்போம் என்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பெண் துணை என்பது கணக்கு, ஆகவே அவள் தங்கை கோமதி கூட இருக்கிறாள். கோமதி என்னோடு பேசி நான்கு வருடமாகிறது. என் எண்ணையே தன் போனில் இருந்து எடுத்துவிட்டாள். உள்ளே நடப்பது எனக்குத் தெரிய ஒரே வழி ஒலிபெருக்கி.

வார்டுக்கு எதிரே ஒரு கொட்டகை. அதன் முகட்டில் ஒரே ஒரு ஒலிபெருக்கி. யாராவது தேவைப்பட்டால் நோயாளியின் பெயரைச் சொல்லி, "உடன் இருப்பவர் உடனே வரவும்" என்று மூன்று முறை கூப்பிடுவார்கள். மருந்து வாங்கவும் அதே குரல், கையெழுத்துப் போடவும் அதே குரல், கடைசியாக முகம் பார்க்கவும் அதே குரல். பத்து நிமிடத்துக்குள் வந்து நின்றால் காவலாளி உள்ளே விடுவான். தாண்டினால் மறுபடி கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும். கொட்டகையை விட்டு ஐம்பது அடி போனால் அந்தக் குரல் கேட்காது.

கொட்டகையில் முப்பத்தாறு இருக்கைகள். எல்லாம் எஃகுக் குழாய், முன்பக்கமாகச் சரிந்தவை. சாய்வுக் கோணம் பதினொரு பாகை. உட்கார்ந்தால் மெல்ல வழுக்கும், காலை ஊன்றித் தாங்க வேண்டும். வெளியே புங்க மரத்தைச் சுற்றி வட்ட மேடை, மேடை முழுக்க ஆற்றுக் கற்கள் செங்குத்தாகப் பதித்து மூன்று விரல் உயரம் நிற்கின்றன. தரையில் படுக்கலாம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயால் நனைத்துவிடுகிறார்கள். சார்ஜ் போடும் இடங்களைச் சிமெண்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். என் போன் மதியமே செத்துவிட்டது.

கொட்டகைத் தூணில் ஒரு கருங்கல் பலகை: "சிறந்த பொது இட வடிவமைப்புக்கான துறை விருது, 2012. வடிவமைப்பு: செயற்பொறியாளர் சந்தானகிருஷ்ணன்."

அந்தப் பலகையில் இருப்பது பொய். இப்போது அதற்கு நேரம் இல்லை.


ஆகஸ்ட் 6, செவ்வாய்

கண் திறக்கவில்லை. எனக்கு முதுகு பிளக்கிறது.


ஆகஸ்ட் 7, புதன்

இங்கே இருப்பவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் ஒலிபெருக்கிக்கு அடியில் விழித்துக்கொண்டு உட்கார வேண்டும். அவருக்குப் பெயர் "காது". மற்றவர்கள் மதிலுக்கு வெளியே, பூட்டிக் கிடக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பெயர் கூப்பிட்டால் காது ஓடிப்போய் எழுப்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு மணி நேரம். தூணில் சுண்ணக்கட்டியால் முறை எழுதியிருக்கிறது. பலகைக்கு நேர் கீழே.

இதை எனக்குச் சொன்னவர் செல்லச்சாமி. அறுபது இருக்கும், ஒரு காலத்தில் பனையேறி. மரத்தில் இருந்து விழுந்து இடுப்பு முறிந்து தொழிலை விட்டவர். மனைவி பேச்சியம்மாள் உள்ளே பதினெட்டு நாளாகப் படுத்திருக்கிறாள்.

"சாருக்கு என்ன சோலி?" என்று கேட்டார்.

"கணக்கு வாத்தியார்" என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அதிகம் பேசாமல் தப்பிக்கத்தான்.

"அப்ப நல்லதாப் போச்சு. யாருக்கு எப்ப முறைன்னு கணக்கு வச்சுக்கிடும். இந்தச் சொடலைக்கு ரெண்டும் ரெண்டும் அஞ்சு."

சுடலை என்பவன் கொத்தனார். தாயைச் சேர்த்திருக்கிறான். "அஞ்சு மூடை கேட்டாத்தான் நாலு மூடை சிமெண்ட் குடுக்கான் மேஸ்திரி. தொழில் கணக்கு வேற, மாமா" என்றான்.

செல்லச்சாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் முகம் கழுவிய கையோடு பலகைக்கு முன்னால் வந்து நிற்பார். கும்பிடுவார்.

"வணக்கம்யா சந்தானகிருஷ்ணா. ராத்திரி நல்லா ஒறங்குனியா? மெத்தையில படுத்தியா? நீ எங்கன படுத்தாலும் ஒனக்கு அடியில இந்தக் கல்லு மொளைக்கணும். ஒன் பேரன் ஒக்காருத சேரெல்லாம் சறுக்கணும். ஆங், இன்னைக்கு இது போதும், நாளைக்கு மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பெயரை வேறொருவர் திட்டி இன்றுதான் கேட்டேன். சாப்பாடு கூட இறங்கியது.


ஆகஸ்ட் 8, வியாழன்

கோமதி மருந்துச் சீட்டோடு வெளியே வந்தாள். சீட்டைக் காவலாளியிடம் கொடுத்தாள், காவலாளி என்னிடம் கொடுத்தான். நான் இரண்டு அடி தள்ளித்தான் நின்றேன்.

பகல் முழுக்க சும்மா இருப்பதால் பழையதெல்லாம் மேலே வருகிறது. எழுதிவிடுகிறேன்.

2012இல் இந்த மருத்துவமனையில் இருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. வளாகத்தில் ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள், வருகிறவர்கள் கண்ணுக்கு நன்றாக இல்லை, ஆவன செய்யவும். சந்தானகிருஷ்ணன் அதை என் மேசையில் போட்டுவிட்டு மகள் கல்யாண வேலையாகப் போய்விட்டார். நான்கு மாதம். ஒரே ஆளாக நான். இருக்கையின் சரிவை எவ்வளவு வைப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மரத்தில் மாதிரி செய்து, அலுவலக உதவியாளர் இசக்கியை உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். ஏழு பாகையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தான். ஒன்பதில் முப்பது. பதினொன்றில் இருபது. பதினொன்று என்று முடிவு செய்தேன். கற்களின் இடைவெளியும் அப்படித்தான், ஒவ்வொன்றும் அளந்து வைத்தது. அந்த வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

விருது வந்தபோது மேடையேறியவர் சந்தானகிருஷ்ணன். எனக்கு ஒரு சால்வைகூட இல்லை. பதவி உயர்வில் என்னைத் தாண்டி மூன்று பேர் போனார்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தேன். அன்று முதல் மனு, தகவல் கோரிக்கை, மேல்முறையீடு. அந்த ஆள் போன வருடம் செத்தும் போனார். செத்தாலும் கல்லில் பெயர் இருக்கிறது அல்லவா? 14ஆம் தேதி கடைசி விசாரணை. என் கையெழுத்துள்ள மூல வரைபடம் இருந்தால் போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அது பரணில் ஒரு குழாய்க்குள் இருந்தது.

ஸ்டூலின் ஒரு கால் முன்பே ஆட்டம் கண்டிருந்தது. வேணி ஏன் அதில் ஏறினாள் என்று கோமதி உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது முழு உண்மை அல்ல. நான் கத்தினேன் என்பது அதிகப்படி. குரல் உயர்ந்திருக்கலாம்.


ஆகஸ்ட் 9, வெள்ளி

பத்து முதல் பன்னிரண்டு வரை நான் காது. இருபதாவது நிமிடம் தொடை நடுங்க ஆரம்பித்தது. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், தூணில் சாய்ந்தேன். பதினொன்றேகாலுக்குச் சுடலையின் தாயைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். இந்த வயதில் அப்படி ஓடி நாளாயிற்று. வார்டில் இருந்து திரும்பி வந்த சுடலை, "ஊசி மாத்தணுமாம் சார், நல்ல நேரத்துல எழுப்புனீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் அதற்கு இப்படி ஒரு வார்த்தை போதும். துறையில் யாருக்கும் அது தெரியாது.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

குளிக்க வீட்டுக்குப் போனேன். ஸ்டூல் விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பக்கத்தில் படக்குழாய். அவள் எடுத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறாள்.

குழாயைத் தொடவில்லை. அரிசி டப்பாவில் எறும்பு. துடைத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எந்தச் செடிக்கு எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும்.


ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று நடந்ததைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

மதியம் ஒன்று முதல் மூன்று வரை செல்லச்சாமி காது. நான் சைக்கிள் ஸ்டாண்டில் படுத்திருந்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை. மூன்று மணிக்கு நானாக எழுந்து வந்தால் காவலாளி சொல்கிறான்: "ரெண்டு மணிக்கே வேணின்னு மூணு தடவ கூப்பிட்டாச்சு. எங்க போனீங்க?"

கோமதி வாசலுக்கு வந்தாள். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது: "அக்கா கண்ணத் தொறந்தா. உங்களத்தான் கேட்டா. டாக்டரு, சட்டுனு கூட்டியாங்க, பேசவையுங்க, பேச்சு எப்படியிருக்குன்னு பாக்கணும்னாரு. வாசலயே பாத்துட்டிருந்தா. இப்ப மறுபடி கண்ண மூடிட்டா."

பத்து நாளில் அவள் கண் திறந்தது ஒரு முறை. அந்த முறை நான் இல்லை.

செல்லச்சாமி மதிலோரம் மல்லாந்து கிடந்தார். முழங்காலை மடக்கிக்கொண்டு, கண் திறந்துதான். என்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன். "படிக்காத கழுதை" என்றேன். "உன் பெண்டாட்டியாக இருந்தால் இப்படிக் கிடப்பாயா" என்றேன். அறுபது வயது மனிதரை ஒருமையில். கூட்டம் கூடிவிட்டது.

அவர் எழுந்து உட்காரவே நேரம் பிடித்தது.

"தப்புதான் வாத்தியாரே. நீரு அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். மொத இருவது நிமிசம் இருந்தேன். பெறவு இடுப்பு கழண்டுட்டு. நின்னு பாத்தேன். கல்லுல குத்தவச்சுப் பாத்தேன். தரையில இருக்கலாம்னா தண்ணிய ஊத்திட்டான். செத்த நேரம் நீட்டி நிமிந்துட்டு வந்துருவோம்னு போனேன். இருவது நிமிசத்துக்கு மேல அதுல மனுசன் இருக்க முடியலவே."

யாரோ தூணில் இருந்த அவர் பெயரைக் கையால் அழித்துவிட்டார்கள். காதாக இருக்காதவருக்கு சைக்கிள் ஸ்டாண்டில் படுக்க இடம் கிடையாது. அது அவர்கள் வைத்த சட்டம். நான் தடுக்கவில்லை.


ஆகஸ்ட் 13, செவ்வாய்

இருபது நிமிடம்.

அவர் கையில் கடிகாரம் இல்லை.


ஆகஸ்ட் 14, புதன்

விசாரணைக்குப் போகவில்லை. பக்கத்துக் கடை போனில் இருந்து வக்கீலைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பன்னிரண்டு வருஷம் காத்திருந்துட்டு இன்னைக்கா சார்?" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் படக்குழாயை எடுத்துவந்தேன். ஸ்டூலை உடைத்து வெளியே போட்டேன்.

வேணி கண் திறக்கவில்லை. செல்லச்சாமி இரண்டு நாளாகப் படுக்கவில்லை. நிற்கிறார், நடக்கிறார், ஒரு காலை இழுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வருகிறார். பலகைக்கு வணக்கம் சொல்வதையும் விட்டுவிட்டார்.


ஆகஸ்ட் 15, வியாழன்

சுதந்திர தினம். காலை ஏழு மணிக்கே காவலாளிகள் வந்து எங்களை எல்லாம் மதிலுக்கு வெளியே அனுப்பினார்கள். கொடியேற்றம் புங்க மரத்துக்கு முன்னால்தான். தூக்குச்சட்டி, போர்வை, பிளாஸ்க், துணி மூட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நின்றோம். கம்பிக் கதவு வழியாகப் பார்த்தோம்.

மேடையைக் கழுவி, கற்களுக்கு வெள்ளை அடித்து, ஒன்றுவிட்டு ஒன்று காவியும் பச்சையும் பூசியிருந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி பேசினார். பொதுமக்களுக்கான இடத்தை இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கும் வளாகத்தை இந்த மாவட்டத்திலேயே தான் பார்த்ததில்லையாம். ஆளே இல்லாத இடம் சுத்தமாக இல்லாமல் என்ன செய்யும்? மக்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, அதற்குப் பொது இடம் என்று பெயர். கைதட்டினார்கள். மேடைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட அதில் உட்கார்ந்து பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அதிகாரி ஒருவராவது அந்த இருக்கையில் அரைமணி நேரம் இருந்து பார்த்திருப்பாரா?

நான் இருந்து பார்க்கவில்லை. இசக்கிதான் இருந்தான்.

ஒரு மணி நேரம் எங்களில் யாருக்கும் ஒலிபெருக்கி கேட்கவில்லை. அந்த நேரத்தில் யார் பெயரைக் கூப்பிட்டார்களோ. வெளியே வந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.


ஆகஸ்ட் 16, வெள்ளி

காலையில் சொல்லிவிட்டேன்.

சுடலை தேநீர் வாங்கி வந்திருந்தான். செல்லச்சாமி தள்ளி நின்றார். நான் படத்தைக் குழாயில் இருந்து உருவி மேடையின் மேல் விரித்தேன். கற்கள் அதை நேராகக் கிடக்க விடவில்லை. நான்கு மூலையையும் தேநீர்த் தம்ளரால் அழுத்தினேன்.

"அந்தப் பலகையில இருக்கிற பேரு தப்பு" என்றேன்.

சுடலை படம் படிக்கத் தெரிந்தவன். குனிந்து பார்த்தான். "இந்த மேடைதான். இந்தா சேரு. ரொம்ப நறுக்கா போட்டுருக்கே. கீழ கையெழுத்து... மெய்கண்டன். இது யாரு சார்?"

"நான்தான்."

"வாத்தியாருன்னீங்க?"

"பொய் சொன்னேன். எஞ்சினியரா இருந்தேன். இதெல்லாம் நான் போட்டது."

செல்லச்சாமி கிட்டே வந்தார். படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் தெனமும் காலையில வஞ்சதெல்லாம்?"

"எனக்குச் சேர வேண்டியது."

"வாங்கிக்கிட்டு கம்முனு இருந்தீரு. அது கூடப் பரவால்ல. சிரிச்சீரேவே."

சுடலை படத்தின் ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்த குறிப்பை வாய்விட்டுப் படித்தான்: "சராசரி அமரும் நேரம், இருபது நிமிடம்." படித்துவிட்டு நிமிர்ந்தான். செல்லச்சாமி தலையை ஆட்டினார், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல.

"இத எப்படிக் கண்டுபிடிச்சீரு?"

இசக்கியை உட்காரவைத்ததைச் சொன்னேன்.

"இருவது நிமிசத்துல எந்திரிச்சாம்லா, அப்ப அவம் என்ன சொன்னாம்?"

"ஒண்ணும் சொல்லல. காலைத் தேய்ச்சுக்கிட்டான்."

"நீரு என்னன்னு கேக்கல?"

"நேரத்தைக் குறிச்சுக்கிட்டேன்."

அவர் மரத்தின் பக்கம் திரும்பித் துப்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"சரி. எந்திரியும். போயி அதுல இரும். இப்பத்தொட்டு பொழுதடையுத வரைக்கும் காது நீருதான். நிக்கப்பிடாது, சாயப்பிடாது. நாங்க எல்லாரும் போயி ஒறங்குதோம்."

சுண்ணக்கட்டியை எடுத்து, அழித்திருந்த இடத்தில் "செல்லச்சாமி" என்று மறுபடி எழுதினேன். பிறகு போய் உட்கார்ந்தேன்.

ஒன்பது மணியில் இருந்து ஆறு மணி வரை. இருபதாவது நிமிடத்தில் நடுக்கம் வந்தது. நாற்பதாவதில் முழங்காலுக்குக் கீழே மரத்தது. அதற்கு மேல் என்ன ஆகும் என்று என் குறிப்பில் இல்லை. இப்போது தெரியும்: வலி ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குப் போகும், நின்றுவிடாது. பதினேழு பெயர்களைக் கூப்பிட்டார்கள். பதினேழு முறையும் எழுந்து ஓடினேன். எழுந்து ஓடுவதுதான் ஓய்வாக இருந்தது.

வேணியின் பெயர் அதில் இல்லை.


ஆகஸ்ட் 17, சனி

நிலைய மருத்துவ அதிகாரியைப் பார்த்தேன். ஒரு அம்மா, களைத்த முகம். கல்லை மூட வேண்டும், இருக்கையை நேராக்க வேண்டும் என்று முன்பு கொட்டகையில் இருந்தவர்கள் எழுதிய மனு ஏற்கெனவே அவர் மேசையில் இருந்தது. ஏழு மாதமாக.

"எனக்குப் புரியுது. ஆனா இது விருது வாங்கின வடிவமைப்பு. போட்டவரே தப்புன்னு எழுதிக் கொடுத்தாத்தான் கை வைக்க முடியும். அவர் இறந்துட்டார்."

"இறந்தவர் போடல" என்றேன். படத்தை வைத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பன்னிரண்டு வருடமாக நான் எழுதிய மனுக்களில் இதுதான் மிகச் சிறியது. "இந்த இருக்கைகளையும் மேடையையும் வடிவமைத்தவன் நான். யாரும் இளைப்பாறக் கூடாது என்பதற்காகவே இவை இப்படிச் செய்யப்பட்டன. அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது. இவற்றை மாற்ற வேண்டும். மெய்கண்டன்."

அவர் இரண்டு முறை படித்தார். "இதை வச்சுக்கிட்டா படம் திரும்பக் கிடைக்காது. பரவாயில்லையா?"

"இருக்கட்டும்."

"மேலிடத்துக்கு அனுப்புறேன். உத்தரவு வர மாசக்கணக்காகும்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நான் வளாகத்துக்கு வர மாட்டேன். இங்க என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது."


ஆகஸ்ட் 18, ஞாயிறு

சிமெண்டும் மணலும் எங்கிருந்து வந்தன என்று எழுத மாட்டேன். பின்பக்கம் புதிய கட்டடம் எழும்புகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சுடலை கற்களைப் பெயர்க்கக் கடப்பாரையோடு வந்தான். வேண்டாம் என்றேன். கல் நிற்பது மூன்று விரல் உயரம்தானே? அந்த உயரத்துக்குக் கலவை போட்டு நிரப்பினால் முடிந்தது. கல் அதன் பாட்டுக்கு உள்ளே கிடக்கட்டும். இருக்கைகளுக்கு இன்னும் சுலபம். தரையில் இறுக்கிய திருகாணிகளைக் கழற்றி, முன்கால்களுக்கு அடியில் காலுக்கு ஒரு செங்கல். ஒன்பது சென்டிமீட்டர், பதினொரு பாகை சரியாகப் போய்விடுகிறது. பன்னிரண்டு வருடம் எத்தனையோ பேருடைய இடுப்பை ஒடித்த சமாச்சாரத்துக்கு மருந்து ஒரு செங்கல்.

நான்கு மாதம் யோசித்து அவர்களை எழுப்பிவிட வழி கண்டேன். உட்காரவைக்க வழி காண அரை நாள்கூட ஆகவில்லை. அன்று யாரும் அதைக் கேட்கவில்லை, சரி. கேட்காவிட்டால் எனக்குத் தோன்றாதா? நான்கு மாதத்தில் ஒரு நாளாவது இங்கே வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாரையாவது கேட்டிருந்தால்? சந்தானகிருஷ்ணன் என் பெயரைத் திருடினார், உண்மை. கடிகாரத்தைப் பார்க்கும்படி அவர் சொல்லவில்லை.

செல்லச்சாமி கலவைக்குத் தண்ணீர் ஊற்றினார். என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் கேட்டார்.

சுடலை மட்டப்பலகையால் இழுக்கும்போது, "வெளிப்பக்கமா லேசா வாட்டம் விடு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லோரும் வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

"மறுபடியுமா?" என்றார் செல்லச்சாமி.

"மழைத் தண்ணி ஓட. நூறுக்கு ஒண்ணு. படுத்தா தெரியாது."

"படுத்துப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

காவலாளி பகல் முழுக்கக் கதவுப் பக்கம் திரும்பியே நின்றான். சாயங்காலம் வந்து, "எங்க அம்மாவ இங்கதான் சேத்திருந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.


ஆகஸ்ட் 19, திங்கள்

ஈரச் சாக்கு போட்டு மூடியிருக்கிறது. ஒரு நாய் ஓரமாக நடந்துவிட்டது. தடம் விழுந்திருக்கிறது, விட்டுவிட்டோம்.

கோமதி வெளியே வந்து, இன்று கை விரலை அசைத்தாள் என்றாள். காவலாளியிடம் அல்ல, என்னிடம்.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதியம் மேடையில் படுத்திருந்தேன். சாக்கை எடுத்த பிறகு முதலில் செல்லச்சாமி படுத்துப் பார்த்தார். புரண்டு பார்த்தார். "வாட்டம் தெரியல" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து காது இருக்கப் போனார். எதிரே இருக்கையில், காலை நீட்டி, பின்னால் சாய்ந்து, ஒரு முதலாளியைப் போல உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்.

ஒலிபெருக்கி எனக்கும் கேட்கும் தூரம்தான். ஆனாலும் நான் உறங்கிவிட்டேன். பதினைந்து நாள் உறக்கம்.

"வேணி! வே, எந்திரியும்! உம்ம வீட்டம்மாவக் கூப்புடுதான்! எந்திரியும்யா!"

அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டாவது தடவை கூப்பிடும்போது நான் வாசலில் நின்றேன்.

வேணி கண் திறந்திருந்தாள். கோமதி எழுந்து தன் இடத்தை எனக்குக் கொடுத்தாள். பேசவையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதற்குள் அவளே உதட்டை நனைத்துக்கொண்டு, நேரம் எடுத்து, கேட்டாள்.

"அந்த பிளான் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"விசாரணைல குடுத்தீங்களா?"

"குடுக்க வேண்டிய இடத்துல குடுத்துட்டேன்."

"உங்க பேரப் போட்டாங்களா?"

"நானே எழுதிக் குடுத்துட்டேன்."

அது என்ன என்று அவளுக்குப் புரிந்திருக்காது. சரி என்பது போலக் கண்ணை மூடினாள். பயந்துபோனேன். இது வெறும் தூக்கம்தான், பேச்சு தெளிவாக இருக்கிறது, நல்ல அறிகுறி என்றார் டாக்டர். கத்தினேன் என்று அவளிடம் சொல்ல வேண்டும். குரல் உயர்ந்திருக்கலாம் என்று அல்ல, கத்தினேன் என்று. எழுந்ததும்.

வெளியே வந்தேன். நான்கு மணிக்கு என் முறை. தூணில் செல்லச்சாமி சொல்லச் சொல்லச் சுடலை எழுதிய வரிசை இருந்தது: "2 முதல் 4 வரை செல்லச்சாமி. 4 முதல் 6 வரை எஞ்சினியர்."

என் பெயர் அவர்கள் யாருக்கும் நினைவில்லை போல. நான் போய் உட்கார்ந்தேன்.